கால்நடை மருத்துவர்களிடையே விலங்குநலத்துக்கு ஆதரவு திரட்ட நான்கு வழிகள்: செட்டிநாட்டுச் சூழலில் ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதி வட்டாரங்களில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர்களும், தெருநாய்க்கும் கோயில் மாட்டுக்கும் ஓடியாடி உழைக்கும் ஆர்வலர்களும் வெவ்வேறு சொற்களில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். விலங்குநலம் ஒருசில மருத்துவர்களின் தனிப்பட்ட ஈடுபாடாக நின்றுவிடாமல், மருத்துவர்கள் அனைவரும் அதைத் தம் தொழிலின் பகுதியாக ஏற்க வேண்டுமானால், எங்கிருந்து தொடங்குவது? சங்கத்தில் தீர்மானம் கொண்டுவருவதா, கல்லூரிப் பயிற்சியை மாற்றக் கேட்பதா, தனி அமைப்பு தொடங்குவதா, அல்லது பக்கத்து ஊர் மருந்தகத்தில் இருக்கும் மருத்துவரோடு பேசுவதில் தொடங்குவதா? நேரமும் பணமும் குறைவாக உள்ளவர்களால் நான்கையும் ஒரே ஆண்டில் செய்ய இயலாது. எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய உதவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கால்நடை மருத்துவர்கள் இரக்கம் குறைந்தவர்கள் என்ற எண்ணத்தோடு தொடங்கும் எந்த முயற்சியும் முதல் கூட்டத்தோடு முடிந்துவிடும். காலையில் மருந்தக வாசலில் நிற்கும் மாடுகளையும் ஆடுகளையும் பார்த்து, சினை ஊசி போட்டு, கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போய், மாலையில் பதிவேடுகளை முடிக்கும் ஒருவருக்கு விலங்கின் துன்பத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தேவைப்படுபவை நேரமும் மருந்தும், உடன் பணியாற்றுவோரின் துணையும், விவசாயியிடம் எடுத்துச் சொல்லக்கூடிய ஒரு காரணமும் ஆகும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் பரப்பு. மருத்துவத் துறை என்றால் நம் கண்முன் வருவது அரசு மருந்தகத்தின் உதவி மருத்துவர்தான். ஆனால் காரைக்குடி நகரில் நாய், பூனைகளைப் பார்க்கும் தனியார் மருத்துவர், கோழிப்பண்ணை நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர் ஆகியோரும் அதே பட்டம் பெற்றவர்களே. கால்நடை ஆய்வாளர்கள் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அல்லர் என்றாலும், ஊருக்குள் பல வேலைகள் அவர்கள் கையில்தான் நடக்கின்றன. இவர்களில் எத்தனை வகையினரை ஒரு வழி எட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது நிலைப்பு. ஆர்வமுள்ள ஒருவர் பணிமாறுதலாகிப் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா என்பதே இதன் சோதனை. மூன்றாவது, மாட்டுக்கும் ஆட்டுக்கும் மாற்றம் எவ்வளவு விரைவில் போய்ச் சேரும் என்பது. நான்காவது, மருத்துவர் கொடுக்க வேண்டிய விலை. அரசு ஊழியருக்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன. அரசின் கொள்கையை அவர் ஊடகத்தில் விமர்சித்துவிட்டு எளிதில் தப்ப முடியாது. ஊராரோடு உள்ள உறவும் இந்தக் கணக்கில் சேர்கிறது. ஒரு கிராமம் தன் மருத்துவர்மேல் நம்பிக்கை இழந்தால், அடுத்த தடுப்பூசி முகாமுக்கு மாடுகள் வராது.

| வழி | பரப்பு | பலன் தெரியும் காலம் | மறைவான செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| சங்கம், மன்றம் | மிக அதிகம் | நடுத்தரம் | சொற்கள் நீர்த்துப்போதல் | களத்தில் ஏற்கெனவே நடைமுறை இருக்கும்போது |
| கல்லூரி, பயிற்சி | வருங்காலத் தலைமுறை முழுவதும் | நீண்டகாலம் | முதல் பணியிடத்தில் பயிற்சி கரைந்துபோதல் | ஆசிரியர் தொடர்பு உள்ளவர்களுக்கு |
| தனி அமைப்பு | குறைவு | சிக்கலைப் பொறுத்தது | துறைக்குள் இரு அணிகள் உருவாதல் | பணியில் இருப்போர் பேச முடியாத விவகாரங்களில் |
| மருந்தகங்களுக்கிடையே சிறு குழு | முதலில் குறைவு, பிறகு வளரும் | சில வாரங்கள் | பொறுமை, பதிவேட்டு வேலை | கிராமப்புறச் செட்டிநாடு முழுவதும் |

## சங்கமும் மன்றமும்

மேலிருந்து வரும் சொல்லுக்கு எடை உண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2010-இல் தன் உறுதிமொழியைத் திருத்தி, விலங்கின் உடல்நலத்தோடு அதன் நலவாழ்வையும் காப்பது மருத்துவரின் கடமை என்று சேர்த்தது. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவச் சங்கம் 2016-இல் விலங்குநலத்துக்கென்றே ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டு, அதற்காகக் குரல் கொடுப்பது மருத்துவரின் வேலை என்று தன் உறுப்பினர்களிடம் வெளிப்படையாகக் கூறியது. நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டமும் அதன்கீழ் வந்த தொழில் நெறிமுறைகளும் இருக்கின்றன. பதிவு பெற்ற ஒவ்வொருவரும் இவற்றுக்குக் கட்டுப்பட்டவர் என்பதால், பரப்பு என்ற அளவுகோலில் இந்த வழிக்கு ஈடு கிடையாது.

இந்த வழியில் தனி மருத்துவருக்குக் கிடைப்பது ஒரு கேடயம். “நான் சொல்லவில்லை ஐயா, எங்கள் மன்றத்து விதி அப்படி” என்று உள்ளூர்ப் பெரியவரிடம் சொல்ல முடிவது சிறிய உதவியன்று.

ஆயினும், ஆணை பிறந்தாலே வழக்கம் மாறிவிடும் என்று நம்புவோர் டைக்ளோஃபெனாக் மருந்தின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். மாட்டுக்கு வலிக்காகப் போடப்பட்ட அந்த மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்துக் கொல்கிறது என்று 2004-இல் உறுதியானது. 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கான டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்கு வாங்கப்படுவது நிற்கவில்லை. 2015-இல் மனிதப் பயன்பாட்டுக்கான ஊசிமருந்தை 3 மில்லிலிட்டர் அளவுக்குச் சுருக்கிய பிறகே அந்தக் கசிவு பெரிதும் அடைபடும் வழி பிறந்தது. ஆணை வேலை செய்த இடங்களில் அதற்குத் துணையாக நின்றது மெலாக்ஸிகாம் என்ற மாற்று மருந்து. கழுகைக் கொல்லாமல் மாட்டின் வலியைத் தணிக்கும் ஒரு மருந்து கைக்கு எட்டும் விலையில் கிடைத்ததனால்தான் மருத்துவர்களால் பழையதைக் கைவிட முடிந்தது. ஒரு நடைமுறையை நிறுத்தச் சொல்லும் தீர்மானம், அதன் இடத்தில் மருத்துவர் நாளைக் காலையில் செய்யக்கூடிய இன்னொன்றையும் கையில் கொடுக்க வேண்டும்.

மறைவான செலவு இரண்டு. பணிச்சங்கங்களின் முதல் அக்கறை ஊதியம், பதவி உயர்வு, காலிப் பணியிடம் ஆகியவை, அது நியாயமும்கூட. அந்தப் பட்டியலுக்கு நடுவே விலங்குநலத் தீர்மானத்தை நுழைத்து, எல்லாரும் கையெழுத்திடும்படி சொற்களைத் தளர்த்திக்கொண்டே போனால், கடைசியில் எவரையும் எதையும் செய்யச் சொல்லாத ஒரு வாக்கியமே மிஞ்சும். மற்றொன்று நம் ஊருக்கே உரிய சிக்கல். காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கை மாவட்டம். திருமயமும் பொன்னமராவதியும் புதுக்கோட்டை மாவட்டம். செட்டிநாடு என்று நாம் ஒன்றாகப் பேசினாலும் நிர்வாகமும் சங்கக் கிளைகளும் இரண்டாகப் பிரிகின்றன. ஆகவே ஒவ்வொரு முயற்சியையும் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

## கல்லூரியும் பயிற்சியும்

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. நாமக்கல் கல்லூரி 1985-இலும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-இலும் வந்தன. நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரத்தநாடு கல்லூரி 2012-இல் பிறந்தது. உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு என்பதால், இன்று பாடத்தில் செய்யும் மாற்றம் களத்துக்கு வந்து சேர ஒரு தலைமுறை மாணவர்கள் படித்து முடிக்க வேண்டும். நிலைப்பில் உயர்ந்தது, வேகத்தில் தாழ்ந்தது என்று இந்த வழியை ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

கவலை தருவது வேறொன்று. வகுப்பில் விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்களை (பசி, வலி, அச்சம் முதலியவற்றிலிருந்து விடுதலை) எழுதித் தேர்வில் தேறிய மாணவர், முதல் பணியிடத்தில் மூத்தவர் ஒருவர் மரத்துப்போகும் ஊசியின்றிக் கிடாய்க்குக் காயடிப்பதைப் பார்க்கிறார். எந்தப் பாடம் அவர் மனத்தில் நிற்கும்? ஆகவே வகுப்பறைப் பாடத்தைவிட உள்ளிருப்புப் பயிற்சி ஆண்டில் கவனம் செலுத்துவதே பலன் தரும் என்பது என் எண்ணம். அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணை செட்டிநாட்டிலேயே இருக்கிறது. பயிற்சி மாணவர்களுக்கும் பணியில் உள்ளவர்களுக்கும் வலிநீக்க முறைகளை ஒரே இடத்தில் செய்து காட்ட இதைவிட நல்ல களம் இந்தப் பக்கத்தில் வேறில்லை. ஆசிரியர்களோடு தொடர்புள்ளவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்கள் மனுக் கொடுத்துக் காத்திருப்பதில் ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம்.

## தனி அமைப்பு

துறைக்கு வெளியே நின்றவர்கள்தாம் பல வேளைகளில் கதவைத் திறந்திருக்கிறார்கள். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா. 1962-இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்துதான் இயங்கியது. அமெரிக்காவில் பெரிய சங்கம் தயங்கிய விவகாரங்களில் பேசுவதற்காக 1981-இலேயே விலங்குரிமைக்கான கால்நடை மருத்துவர்களின் சங்கம் ஒன்று தோன்றியது. 2008-இல் ஒரு விலங்குநல அமைப்போடு இணைந்து அது புது வடிவம் பெற்றது. இத்தகைய அமைப்பின் வலிமை தெளிவாகப் பேசும் சுதந்திரம். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது: தெளிவாகப் பேசுவோர் சிறுபான்மையாகவும், பெரும்பான்மையினர் “அவர்கள் வேறு, நாம் வேறு” என்று ஒதுங்குவோராகவும் ஆகிவிடுகிறார்கள். பரந்த ஆதரவே நோக்கம் என்றால் இந்தப் பிளவுக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

செட்டிநாட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. நகரத்தார் அறக்கட்டளைகளின் கொடை மரபு இந்த மண்ணின் பெரும் செல்வம். பசுமடத்துக்கும் கோயில் மாட்டுக்கும் கேட்டால் கொடுப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் கொடையாளரின் மனம் பசுவிடமும் நாயிடமும் போகுமே தவிர, கண்மாய்க்கரையில் மேயும் இராமநாதபுரம் வெள்ளை ஆட்டிடமோ, கூண்டுக் கோழியிடமோ எளிதில் போகாது. நிதி வரும் பக்கமே அமைப்பின் கவனமும் திரும்பும். நேர்த்திக்கடனாக விடப்பட்ட மாடுகள் இடவசதிக்கு மேல் நிறைந்து நிற்கும் மடங்களில், இன்னும் மாடுகளை ஏற்க வேண்டாம் என்று சொல்ல வேண்டிய மருத்துவர், அந்த மடத்தின் நிதியிலேயே அமைப்பு நடத்தினால் எப்படிச் சொல்வார்?

என்றாலும் இந்த வழியே தேவைப்படும் வேளைகள் உண்டு. 2024 செப்டம்பரில் குன்றக்குடி கோயில் யானை சுப்புலட்சுமி, கொட்டகையில் பிடித்த தீயில் வெந்து இறந்தது. அந்தத் துயரம் இந்த வட்டாரத்தில் யாருக்கும் மறக்கவில்லை. கொட்டகையின் கூரை எதனால் இருக்க வேண்டும், சங்கிலியை உடனே அவிழ்க்க வழி உண்டா, இரவில் அருகில் யார் இருக்கிறார்கள் என்பவை எல்லாம் ஒரு மருத்துவர் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்விகள். ஆனால் அரசுப் பணியில் இருந்துகொண்டு கோயில் நிர்வாகத்தைப் பொதுவெளியில் கேட்பது அவருக்குக் கடினம். தெருநாய்களுக்கான 2023-ஆம் ஆண்டின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை நகராட்சிகள் எப்படி நடைமுறைப்படுத்துகின்றன என்ற கேள்வியும் இதே வகைதான். இங்கெல்லாம் ஓய்வு பெற்ற மருத்துவர்களும் தனியார் மருத்துவர்களும் முன்னே நிற்கும் அமைப்புக்கு மாற்று கிடையாது. புதிதாகப் பதிவு செய்வதற்கு முன், 2001-ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வகுத்திருக்கும் மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்குள் இடம் பெற முயல்வது நல்லது. அது அரசே ஏற்படுத்தச் சொன்ன அமைப்பு என்பதால், பணியில் உள்ள மருத்துவருக்கும் அதில் அமர்வதில் சங்கடம் குறைவு.

## மருந்தகங்களுக்கிடையே ஒரு சிறு குழு

நான்காவது வழி பெயரளவில் எளியது. அடுத்தடுத்த மருந்தகங்களில் உள்ள மூன்று நான்கு மருத்துவர்கள், தங்கள் கையில் ஏற்கெனவே உள்ள ஒரு வேலையை இன்று முதல் வலியில்லாமல் செய்வது என்று தமக்குள் முடிவெடுப்பது. கருத்தைப் பற்றி உடன்பாடு தேவையில்லை. ஒரு செயலைப் பற்றிய உடன்பாடு போதும். செட்டிநாட்டுக்கு இதையே நான் முதலில் வைக்கிறேன்.

வலியிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காயடித்தல், கொம்பு நீக்கல், சூட்டுக்குறி இடல், மூக்கணாங்கயிறு போடல் ஆகியவை விதித்த முறைப்படி செய்யப்பட்டால் வதையாகா என்று மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. வலி நீக்க மருந்து கொடுத்தே தீர வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. அந்தப் பிரிவு விட்டுவைத்த இடைவெளியைக் களத்தில் நிரப்ப வேண்டியது மருத்துவரின் தொழில் மனசாட்சி. அதோடு, வலி என்பது மருத்துவர் மற்ற எவரையும்விட நன்கு அறிந்த பொருள். அதைப் பற்றிப் பேசும்போது அவர் ஆர்வலரிடம் பாடம் கேட்பவராக இல்லாமல், தானே அறிவு உடையவராகப் பேசுகிறார். கிராம மருத்துவர், நகரத்து மருத்துவர், கோழிப்பண்ணை மருத்துவர், ஆராய்ச்சியாளர் ஆகிய அனைவரும் பிணங்காமல் கூடக்கூடிய இடமும் இதுவே.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. தோலைக் கிழிக்காமல் காயடிக்கும் இடுக்கியான பர்டிசோ கருவியை வைத்து நசுக்குவதற்கு முன், விதைத்தண்டில் மரக்கச் செய்யும் மருந்தான லிக்னோகேய்ன் போட்டு, அது வேலை செய்யும்வரை சில நிமிடங்கள் காத்திருத்தல். கலப்பினக் கன்றின் கொம்பு மொட்டைச் சுடுவதற்கு முன் கொம்பு நரம்பை மரக்கச் செய்தல். இரண்டிலும் பிறகு மெலாக்ஸிகாம் கொடுத்தல். மெலாக்ஸிகாம் மாட்டின் உடலில் நெடுநேரம் தங்குவதால் ஒரே ஊசி முதல் நாளின் கடும் வலியைப் பெரிதும் தாங்கிக்கொள்ளும். ஆட்டுக்கு லிக்னோகேய்ன் போடும்போது உடல் எடையைக் கணக்கிட்டு, தேவையானால் நீர்க்கச் செய்து போட வேண்டும். சிறிய குட்டிகளுக்கு அளவு மிகுந்தால் வலிப்பு வரும்.

தடை மருந்தைவிட நேரத்தில்தான் அதிகம். ஊசி போட்டுக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள், வரிசையில் நிற்கும் அடுத்த விவசாயிக்கு வீணாகத் தோன்றும். இதற்கு ஒரு வழி, காயடிப்பு வேலைகளை வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்கி, வந்த கிடாய்கள் அனைத்துக்கும் வரிசையாக ஊசி போட்டுவிட்டு, பிறகு முதல் கிடாயிலிருந்து வேலையைத் தொடங்குவது. கடைசிக் கிடாய்க்கு ஊசி போட்டு முடிப்பதற்குள் முதல் கிடாய்க்கு மரத்திருக்கும். இரண்டாவது தடை, மாட்டை அசையாமல் நிறுத்திக் கட்டும் கட்டுச்சட்டம் இல்லாத ஊர்களில் மாட்டைக் கயிறு கட்டிச் சாய்க்க வேண்டியிருப்பது. அந்தப் போராட்டமே விலங்குக்குப் பாதித் துன்பம். ஊராட்சியிடமோ பால் கூட்டுறவுச் சங்கத்திடமோ கேட்டு, மரத்தாலோ இரும்பாலோ ஒரு கட்டுச்சட்டம் நடவைப்பது மருத்துவரின் விலா எலும்பையும் காக்கும். விலங்குக்கு நல்லது எதுவோ அதுவே மருத்துவருக்கும் பாதுகாப்பானது என்று கண்முன் தெரியும்போது, ஒதுங்கி நின்ற மருத்துவரும் அருகில் வருகிறார்.

விவசாயி என்ன சொல்வார் என்ற அச்சம் பெரும்பாலும் வீண் அச்சம். கிடைமாடு வைத்திருக்கும் புலிக்குளம் மாட்டுக்காரரிடம் “வலி தெரியாம செஞ்சு விடுறேன் அண்ணே, ராத்திரி மாடு மேயும்” என்று சொல்லிப் பாருங்கள். மாடு தீவனம் எடுப்பதும், புண் சீழ் வைக்காமல் ஆறுவதும் அவருக்கும் கணக்குத்தான். கத்தாமல் நிற்கும் கிடாயைப் பார்த்த ஆட்டுக்காரர், அடுத்த முறை ஊசி இல்லாமல் செய்ய விடமாட்டார். அப்படிக் கேட்கும் விவசாயியே அடுத்து வரும் மருத்துவரையும் மாற்றுவார் என்பதால், பணிமாறுதல் என்ற பெரிய இடையூறுக்கும் இங்கே ஓரளவு விடை கிடைக்கிறது.

மறைவான செலவுகளையும் சொல்ல வேண்டும். மருந்தகத்துக்கு வரும் மருந்து ஒதுக்கீட்டில் மரக்க வைக்கும் மருந்தை மேலும் கேட்டுப் பெற, எத்தனை விலங்குகளுக்கு எவ்வளவு செலவானது என்று விடாமல் பதிவு செய்ய வேண்டும். அந்த எழுத்து வேலையை யாரும் பாராட்டப் போவதில்லை. கால்நடை ஆய்வாளர்களைக் குழுவில் சேர்க்காமல் விட்டால், மருந்தகத்தில் ஒரு முறையும் ஊருக்குள் இன்னொரு முறையுமாக நடக்கும். இவ்வழி செய்திகளில் வராது என்பதால், வெளியிலிருந்து உதவ விரும்பும் ஆர்வலர்களுக்குப் பொறுமை குறையும். அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, மருந்தும் கட்டுச்சட்டமும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பெயரை மருத்துவருக்கே விட்டுவிடுவது.

## மஞ்சுவிரட்டை எங்கே வைப்பது

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் செட்டிநாட்டில் விலங்குநலம் பேச முடியாது. பொங்கலையொட்டிச் சிராவயலிலும், மாசி மகத்தில் அரளிப்பாறையிலும் மஞ்சுவிரட்டு நடக்கிறது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஐந்து சுதந்திரங்களைச் சட்டத்தோடு சேர்த்துப் படித்து ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017-இன் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் மஞ்சுவிரட்டையும் வடமாட்டையும் எருதுவிடும் விழாவையும் சேர்த்தே அனுமதித்தது; 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. இதில் மருத்துவர்கள் உண்மையாகவே இரு கருத்துடையவர்கள். புலிக்குளம் இனம் பிழைத்திருப்பதே இந்த விழாக்களால்தான் என்று ஒரு சாரார் உள்ளார நம்புகிறார்கள். மிரளும் மாட்டின் துன்பத்துக்கு எந்தக் காரணமும் ஈடாகாது என்று மறு சாரார் நம்புகிறார்கள். நான் இரண்டாம் பக்கம் சாய்பவன். ஆனாலும் பரந்த ஆதரவைத் திரட்டும் முயற்சியின் முதல் பொருளாக இதை வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். வைத்தால் கூட்டம் கூடும் முன்பே பிரிந்துவிடும்.

ஒதுக்கி வைக்கவும் வேண்டாம். தகுதிச் சான்றில் கையெழுத்திடுபவர் கால்நடை மருத்துவர்தான். தொழுவுக்கு வரும் மாடு சோதிக்கப்படுகிறது. வயல்வெளியில் நேராக அவிழ்த்துவிடப்படும் கட்டுமாடுகள் பெரும்பாலும் அந்தச் சோதனைக்கு வருவதே இல்லை. விழாவை ஆதரிக்கும் மருத்துவரும் எதிர்க்கும் மருத்துவரும், சான்றில்லாத மாட்டை அவிழ்க்கக் கூடாது என்பதிலும், சோதிக்கும் மருத்துவர்மேல் யாரும் அழுத்தம் தரக் கூடாது என்பதிலும் ஒன்றுபட முடியும். காயடிப்பு நாளில் ஒன்றாக வேலை செய்து பழகியவர்கள் இதையும் பேசி முடிப்பார்கள்.

## எந்த வரிசையில்

கிராமத்து மருந்தகத்தில் இருப்பவர் சிறு குழுவில் தொடங்கட்டும். ஓராண்டுப் பதிவேடு கையில் சேர்ந்ததும், இரண்டு மாவட்டங்களின் மண்டல இணை இயக்குநர்களிடமும் சங்கக் கிளைகளிடமும் அதை எடுத்துச் செல்லட்டும். “காயடிப்புக்கும் கொம்பு நீக்கலுக்கும் உணர்வு நீக்கம் வழக்கமான நடைமுறையாகும்” என்று ஒரே ஒரு தீர்மானம் கேட்டால் போதும். நடந்துகொண்டிருக்கும் ஒன்றை ஏற்றுக்கொள்வது, புதிதாக ஒன்றை வாக்களிப்பதைவிடச் சங்கத்துக்கு எளிது. ஒரத்தநாட்டிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்களை அதே வேலை நாளில் உடன் நிறுத்திக்கொள்ளலாம்.

காரைக்குடியில் தனியார் மருத்துவமனை நடத்துபவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் இந்த வரிசை மாறும். அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவர்களைப் பேசவிடாமல் தடுப்பதில்லை. ஆகவே கோயில் யானைக் கொட்டகையைப் பற்றியும் மாநகராட்சியின் நாய்க் கருத்தடையைப் பற்றியும் பேச வேண்டியவர்கள் அவர்களே, மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கத்தில் அமர வேண்டியவர்களும் அவர்களே. பக்கத்து மருந்தகங்களில் துணை வர ஒருவரும் இல்லாத இடத்தில் இருக்கும் இளம் மருத்துவர், குழு சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு லிக்னோகேய்ன் குப்பியும், காயடிப்புக்கென ஒதுக்கிய ஒரு காலைப்பொழுதும், அன்றன்று எழுதிய ஒரு நோட்டும் இருந்தால் அவர் தனியாகவே தொடங்கலாம்; அந்த நோட்டைப் பார்க்கும் முதல் சக மருத்துவர்தான் அவருடைய குழுவின் இரண்டாம் உறுப்பினர்.